காதைப் பொத்திக்கொண்டவன்

"ஐயோ, சட்டையால தொடைக்காதீங்க!"

மழைக்காக பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கையில் மூக்குக்கண்ணாடி. அதை ஈரச் சட்டையின் நுனியால் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையா சொன்னீங்க?"

"பின்னே, மழையையா? ஈரத்துணியில தேச்சா கீறல் விழும். லென்ஸ் புதுசு மாதிரி இருக்கு... அதுக்குள்ள அதைக் கொலை பண்றீங்களே!"

அவளுக்கு இது தொழில் வியாதி. கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவள். யாரைப் பார்த்தாலும் முதலில் பிரேம், அப்புறம்தான் முகம். இவனுடைய பிரேம் இடது பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒருக்களித்துப் படுத்தபடியே படிக்கிற ஆசாமி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"கையில குடை இருக்கு, அப்புறம் எப்படி இவ்வளவு நனைஞ்சீங்க?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுது... நான் குடையை இந்தப் பக்கம் பிடிச்சிட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. தோளில் கனம் இருந்ததால் ஒரு கையாலேயே கைப்பையைத் துழாவி, மெல்லிய துணியை எடுத்து நீட்டினாள். அவன் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமல் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்த கண்கள், இப்போது அவள் முகத்தில் வந்து நின்றுவிட்டன... நகரவே இல்லை. கூரைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏனோ அது நிற்க வேண்டாம் போல் இருந்தது.

"இந்தப் பக்கம் அடிக்கடி வருவீங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள், தோளில் போர்த்தியிருந்த துப்பட்டா அசைந்தது. உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. "சித்தி... பால்."

அவ்வளவுதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"குரு..." என்று ஆரம்பித்தவன் மிச்சத்தை விழுங்கினான். குடையை அவள் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தே போய்விட்டான்.

அவள் குடையும் கையுமாக நின்றாள். குழந்தையைக் கண்டதும் ஓடுகிற ஆண்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அது பரவாயில்லை. ஆனால்... குருவி என்பது வீட்டில் கூப்பிடுகிற பேர். முன்பின் தெரியாதவன் வாயில் அது எப்படி வந்தது?

குருவி அவளுடைய அக்கா மகள். நான்கு வயதைத் தாண்டியும், பாலும் ஓரம் வெட்டிய ரொட்டியும் தவிர வேறெதுவும் வாயில் வைக்காதவள். அடம் இல்லை, பயம். தட்டைப் பார்த்தாலே உடம்பு விறைத்துவிடும். முன்பு ஒரு டாக்டர், "பட்டினி போடுங்க, தானா சாப்பிடுவா" என்றார். போட்டார்கள். குழந்தை சாப்பிடவில்லை. கையில் டிரிப்ஸ் ஏறியதுதான் மிச்சம். அந்த ஊசி ஏறிய பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இந்தச் சித்திதான். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட எவரையும் அவள் நம்புவதில்லை. சூடு கண்ட பூனை.

அக்காதான் தேடிப் பிடித்து, அந்த பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சியில் குருவியைச் சேர்த்தாள். சாப்பிட மறுக்கிற குழந்தைகளுக்கு இரண்டு விதப் பயிற்சி. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழும். அக்காவுக்கு வேலை நேரம் மாறிவிட்டதால் கூட்டி வருகிற பொறுப்பு தங்கை தலையில். மழை பெய்த அன்று அவளுக்கு முதல் நாள். பயிற்சி முடியும் வரை வாசலிலேயே காத்திருந்து அழைத்துப் போனாள்.

மறுவாரம் குடையோடு வந்தாள். திருப்பிக் கொடுக்க மட்டும்தான்... வேறென்ன? காலையில் புடவையா சுடிதாரா என்று இரண்டு தடவை மாற்றியது தற்செயல்.

ஆஸ்பத்திரி நடையின் கோடியில் அந்தக் கோணல் பிரேம்! ஆக, இங்கே வேலை பார்க்கிறவன்.

"ஏங்க... உங்க குடை!"

அவன் நிமிர்ந்தான். கண்ணில் ஒரு கணம் விளக்கேற்றின மாதிரி வெளிச்சம். உடனே அணைந்தது. சட்டென்று மாடிப்படிப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டான்.

'பயந்து ஓடுறியா? அப்போ மடியில கனம் இருக்கு' என்று பல்லைக் கடித்தாள்.

அன்று பயிற்சி அறையில் அவளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் சந்தேகம் இன்னும் முற்றியது. பயிற்சி கொடுக்கும் அம்மாள் குருவியைச் சாப்பிடச் சொல்லவே இல்லை. கேரட் மசியலை ஒரு தட்டில் கொட்டி, அதில் விரலை விட்டு பூ வரைந்தாள். குருவி வெகு நேரம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு விரலை நீட்டி இலை போட்டாள். மூக்கில் அப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் பயிற்சி! அடுத்த அறையிலோ ஒரு பையனுக்கு ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டல், பொம்மை, பாராட்டு... சித்தியின் வயிறு எரிந்தது. உண்மையான வைத்தியத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நம் பிள்ளைக்கு ஒப்புக்குச் சப்பாணி விளையாட்டா?

பிறகு வேறொரு அறைக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரித் தட்டு: வாழைப்பழம், முட்டை, உருளைக்கிழங்கு, கேரட் மசியல், ரொட்டி. யாரும் வற்புறுத்தக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி.

குருவி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணாடிக்குள்ளேயே ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும். ஒரே கணம்... கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம். இடது பக்கம் தூக்கிய பிரேம்!

அவளுக்கு ரத்தம் கொதித்தது. குருவியைப் பயிற்சி அம்மாளிடம் விட்டுவிட்டு, வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள். இருட்டான சின்ன அறை. அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"திருட்டுத்தனமா ஒளிஞ்சிருந்து எங்க பிள்ளையைப் பாக்கறீங்களா?"

அவன் துள்ளி எழுந்தான். "ஐயோ... நீங்க இங்க வரக் கூடாதுங்க! தயவுசெஞ்சு எதுவும் சொல்லாதீங்க!"

சொன்னதோடு நிற்காமல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். கேள்வி கேட்டால் காதைப் பொத்துகிறவனை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

"ஏன், உண்மை சுடுதா? பக்கத்து ரூம்ல ஒவ்வொரு வாய்க்கும் பரிசு! எங்க குருவிக்கு மட்டும் கேரட்டை எடுத்து மூஞ்சியில பூசற விளையாட்டு! இதுக்குப் பேரு வைத்தியமா? இதை மறைக்கத்தானே என்னைப் பாத்து ஓடுனீங்க?"

அவன் கைகள் மெல்ல இறங்கின. முகம் வாடிப்போயிருந்தது.

"சொல்லிட்டீங்களே..." என்றான்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். ஆராய்ச்சியை நடத்துகிறவர்; கண்டிப்புக்குப் பேர் போனவர். அவர் வாயைத் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டான்.

"டாக்டர், இந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் மார்க் போடக் கூடாது."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுச் சித்தியைப் பார்த்தார். "முதல் நாளே உங்க அக்காகிட்ட எல்லாம் சொன்னேனேம்மா. கண்ணாடிக்குப் பின்னாடி ஒருத்தர் உக்காந்து, குழந்தை எதைத் தொடுது, எதை வாயில வைக்குதுன்னு மார்க் போடுவார்னு. எந்தப் பயிற்சின்னு அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும் இல்லையா? அதான் உங்க ஆளுங்களோட அவர் பேசவே கூடாது."

தப்பு தன் பக்கம்தான் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "சரி டாக்டர்... ரெண்டுல எது உசத்தி? எங்களுக்குக் கிடைச்சது மட்டமானதா?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா ஆராய்ச்சி பண்றேன்?"

இதுவரை எந்த டாக்டரும் அவளிடம் 'தெரியாது' என்று சொன்னதில்லை.

ராத்திரி வரை பொறுக்காமல் வழியிலேயே அக்காவுக்குப் போன் போட்டாள். குழந்தையைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடலாம் என்ற பேச்சு இன்னும் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"சொன்னாங்கடி, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்று அக்கா அசடு வழிந்தாள். "ஆனா நிறுத்திடாதடி... நேத்து என் தட்டுல இருந்த உருளைக்கிழங்கைத் தொட்டுப் பாத்தா. தானா! நான் மூச்சே விடலை."

அவள் நடு நடைபாதையில் நின்றுவிட்டாள். இன்று மட்டும் கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? அதோடு இன்னொன்றும் குடைந்தது. அந்த இருட்டறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் சொன்னான்?

அடுத்த தடவை சீக்கிரமே வந்தாள். தட்டு வைக்கிற அறைக்குள் குருவி போனாள். வீட்டு ஆள் வெளியே இருந்தாலும் சரி என்றார்கள். போன வாரச் சண்டைக்குப் பிறகு அப்படித்தான் சொல்லுவார்கள். வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இப்போது வேறு யாரோ.

பெஞ்சின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தது அதே கோணல் பிரேம். இந்தத் தடவை அவன் ஓடவில்லை.

"இப்ப மட்டும் பேசலாமாக்கும்?" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"பேசலாம். டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். குருவிக்கு நான் இனிமே யாரும் இல்லை."

"ஓ... அன்னைக்கு மழையில நாங்க யாருன்னு நிஜமாவே தெரியாதா?"

"துப்பட்டாவுக்குள்ள குருவி இருக்கான்னு எனக்கு ஜோசியமா தெரியும்? அவளை வாரா வாரம் பாக்கறேன். அவங்க அம்மா கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு பேரு வாயில ஒட்டிக்கிச்சு." குரலைத் தாழ்த்தினான். "அவ மட்டும் வெளியே தலை நீட்டலைன்னா, உங்க போன் நம்பர் கேட்டிருப்பேன்..."

அவள் கன்னம் சூடானது. ஆனால் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"அப்படின்னா... என்கிட்ட பேசறதுக்காகவே அன்னைக்குத் தெரிஞ்சு மாட்டிக்கிட்டீங்களோ?"

"காதைப் பொத்தினேனேங்க!"

"பொத்தினது பாத்தேன். ஆனா கேட்டுச்சே?"

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"அதான்... எனக்கும் புரியலை. இத்தனை குழந்தைங்க, ஒரு தடவை கூட நான் தப்பு பண்ணதில்லை. அன்னைக்குக் காதை நல்லா அழுத்திப் பொத்தலையோன்னு... எனக்கே என் மேல சந்தேகம்."

சந்தேகப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. அவனே எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டான்.

கதவு திறந்தது. குருவி ஓடி வந்தாள். உதட்டோரம் ஆரஞ்சு நிறம்.

சித்தி பதறி எழுந்தாள். பூச்சா? விளையாட்டா? மூக்கில் அப்பினவள்தானே... "வாயைத் திற, கண்ணு."

குருவி ஆவென்று திறந்தாள். நாக்கு முழுக்க ஆரஞ்சு. பல்லிடுக்கிலும் ஆரஞ்சு. தொண்டை வரை போயிருந்தது.

"முழுங்கிட்டேன்" என்றாள் குருவி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. "நானா முழுங்கிட்டேன்."

சித்தி மண்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டு விசும்பி அழுதாள். யார் பார்த்தால் என்ன? நிமிர்ந்தபோது அவனும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கையோடு லென்ஸையும் சட்டை நுனிக்குக் கொண்டுபோனான்.

"குடுங்க இங்க!" பிடுங்கிக்கொண்டாள்.

"இது யாரு சித்தி?" என்றது குருவி.

"மாமாடி."

"மாமாவா..." என்று அவன் இழுத்தான். முகம் தொங்கிப்போயிற்று. "வேற முறை எதுவும் இல்லையாங்க?"

அவள் பிரேமின் இடது காம்பைப் பிடித்து மெல்ல, பதமாக வளைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தன் முகம் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"குருவி, இவரை மாமான்னு கூப்பிடாத."

"அப்போ எப்படி?"

கண்ணாடியை அவன் மூக்கில் மாட்டிவிட்டாள். இப்போது நேராக உட்கார்ந்தது.

"கொஞ்ச நாள் எப்படியும் கூப்பிடாம இரு. அம்மாகிட்ட நான் பேசிடறேன்... அப்புறம் சித்தப்பான்னு கூப்பிடு."