ஏலத்தில் போன மெஷின் வாள்

எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணை! இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

2009. மார்த்தாண்டம்.

"ஐயோ... பாவி... கழுத்தறுத்துட்டாளே!"

பழைய மெஷின் கடைக்குள்ளிருந்து வந்த அலறலில், எதிரே சாயா ஆற்றியவரின் கை ஆடிவிட்டது. பறந்த சாயா திருவனந்தபுரம் பஸ்ஸின் கூரையில் ஏறி, டிக்கெட் எடுக்காமலே களியக்காவிளையைத் தாண்டிவிட்டது!

கடைக்குள் ஆன்ஸ்லின் தரையில் கிடந்தான். எதிரே, மூடி கழற்றிய பழைய மெஷின் வாள். மரம் அறுக்கும் மெஷின்.

கழுத்தறுத்தது யார்?

கூடப்பிறந்த தங்கை!

போன மாதம்...

குலசேகரத்தில் தங்கை நேசம்மாளின் வீடு. அவள் கணவன் ரசலையன் ரப்பர் மரம் அறுத்தவன். இப்போது முதுகு போய்விட்டது. அவனுடைய அப்பா விட்டுப்போன ஜெர்மன் மெஷின் வாள் விலைபோனால் ஒரு பலசரக்குக் கடை போடலாம். போகாவிட்டால்... அடுப்பு எரியாது!

ஆன்ஸ்லின் பழைய மெஷினுக்கு விலை மதிப்பதில் சூரன். மோந்து பார்த்தே அது கடைசியாக அறுத்தது தேக்கா, பலாவா என்பான். பலா என்றால், சுளை இனிப்பா என்றும் சொல்லிவிடுவான்!

"பாரும் மச்சான்... வல்லதும், நாலு காசாவது, தேறுமா?" என்றான் ரசலையன்.

ஆன்ஸ்லின் மூடியிலிருந்த தகட்டைத் துடைத்தான். நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தான். உள்ளே இன்ஜினில் கொத்தியிருந்த நம்பரையும் தேய்த்து எடுத்தான்.

இரண்டும் ஒன்று!

ஐம்பதுகளில் வந்தது... எதுவும் மாற்றாத அசல்! ஜெர்மனியில் சேகரிக்கிறவன் மூன்று லட்சம் தருவான்!

முகத்தைச் சுளித்தான்.

"கொள்ளாது மச்சான். பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டான்."

"அப்போ?"

"அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல குடுத்துரும். ஏலத்துல நூறோ எரநூறோ போவும். ஆசீர்வாதமாவது கிட்டும்."

துருப்பிடித்த சாமானை வேறு யார் கேட்பார்கள்? நூறு ரூபாய்க்கு எடுத்து, கோயில் ரசீதும் வாங்கிவிட்டால்... தங்கை பங்கு கேட்க முடியாது!

ரசலையன் கண் கலங்கத் தலையாட்டினான். மச்சான் போனதும் நேசம்மாள் கேட்டாள்.

"கொள்ளாத சாமானுக்கு எங்கண்ணன் எதுக்கு நம்பரைத் தேச்சு எடுத்துட்டுப் போறான்?"

"சும்மா கெடட்டி! கூடப்பொறந்தவன் ஏமாத்துவானா?"

நேசம்மாள் சும்மாதான் கிடந்தாள். கையில் மட்டும் ஸ்பானர்!

அறுப்பின் பண்டிகை. விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்க ஊரே சர்ச்சில் கூடியிருந்தது. காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டவர் சுந்தர்சிங்.

"மெஷின் வாள்! உள்ளது உள்ளபடி! யாரு கேக்கிய?"

"நூறு!" என்றான் ஆன்ஸ்லின்.

"ஐநூறு!"

பெண்கள் பக்கத்திலிருந்து... நேசம்மாள்!

"ஏட்டி, நீ குடுத்ததை நீயே கேக்கியா?"

"மாமா ஞாபகத்துக்குண்ணே. கொள்ளாதுன்னு சொன்ன நீ எதுக்குக் கேக்க?"

சபை சிரித்தது. ஒன்றை அவன் மறந்திருந்தான். கோயில் ஏலத்தில் பாதியில் வாயை மூடினால் கஞ்சன் என்று பெயர் விழும். போன வருஷம் ஒரு பூசணிக்காய் ஜீப் விலைக்குப் போயிருந்தது!

தங்கை ஏற்றினாள். அண்ணன் ஏற்றினான்.

"ஒரு லட்சம்!"

நேசம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்! கர்த்தர் ஒம்ம ஆசீர்வதிக்கட்டு!"

ரொக்கத்தைக் கட்டிவிட்டு, கடைக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினான். இன்ஜின் இல்லை. உள்ளே...

அம்மிக்குழவி!

அதற்குத்தான் அந்த அலறல். போனைப் போட்டான்.

"போலீசுக்குப் போவேன்ட்டி!"

"போ. வித்தது கர்த்தர். சம்மனை எந்த அட்ரசுக்கு அனுப்புவ?"

"இன்ஜின் எங்க?"

"அரிசிப் பானையில. தகடு ஒங்கிட்ட, இன்ஜின் எங்கிட்ட. தனித்தனியா ரெண்டும் பழைய இரும்பு. நீ லட்சம் வரைக்கும் ஏறினப்பவே ஜெர்மன்ல ஆளு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. மூடியையும் அந்த ஜெர்மன்காரன் போன் நம்பரையும் கொண்டுவா. வித்ததுல ஒன் லட்சத்த எடுத்துக்கிடு, மிச்சம் எங்களுக்கு."

பக்கத்தில் நின்று கேட்ட ரசலையன் போனைப் பிடுங்கினான்.

"மச்சான்... வேணும்னு கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்பேனே..."

போன் மறுபடி நேசம்மாள் கைக்குப் போனது.

"வரும்போ அந்தக் குழவியையும் எடுத்துட்டு வாண்ணே. இங்க துவையலே இல்ல!"

மெஷின் கப்பல் ஏறியது. ரசலையன் கடை திறந்தான். ஆனால் இன்றுவரை, மச்சான் மணி பத்து என்று சொன்னால்கூட, நிஜம்தானா என்று அவன் நேசம்மாளின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்கிறான்.

ஆங்... நான் ஆணையிட்ட அந்த நாலு பல்லும் கட்டுப்பல்!