வண்டி யார் கையில்

வண்டி மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சோதனைத் தடத்தின் இந்த வளைவில் தம்பி ஒரு நாளும் ஒழுங்காகத் திரும்பியதில்லை. பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகத்தான் மிதிப்பான். அவள் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். பக்கத்துக் குழியில் வைத்த பாட்டிலில் தண்ணீர் தளும்பும். இன்று தண்ணீர் அசையவே இல்லை. தூறலில் நனைந்த தார் சக்கரங்களுக்கு அடியில் பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல் மெல்லச் சத்தமிட, பொழுது சாயும் நேரத்து ஈயநிற வெளிச்சம் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க, புது பிளாஸ்டிக்கின் நெடி மூக்கில் ஏற, வண்டி மயிரிழைகூடப் பிசகாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

இது தானாக ஓடும் வண்டி. நாளை வரப்போகும் முதலீட்டாளர்களிடம் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். உண்மையில் இது தம்பியால் ஓடுகிறது. முன் இருக்கைகளுக்குப் பின்னால், கறுப்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு பெட்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சாலையைத் திரையில் பார்த்தபடி இன்னொரு ஸ்டியரிங்கால் அவன் ஓட்டுவான். முன்னால் இருப்பவருக்கு வண்டியே ஓடுவதாகத் தோன்றும். தானாக ஓடும் வண்டி திடீரென்று ‘இனி நீங்கள் ஓட்டுங்கள்’ என்றால் மனிதர்கள் பதறுவார்களா, குறட்டை விடுவார்களா என்பதை, அந்த வண்டி பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள இப்படி ஒரு வழி. எந்தச் சொல்லில் கேட்பது, எந்த ஓசையில் கேட்பது, யார் கையில் வண்டி இருக்கிறது என்று காட்ட எந்த நிறத்தில் விளக்கு எரிவது, இதையெல்லாம் வடிவமைப்பது அவள் வேலை. ஒத்திகையில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதும் அவள்தான்.

ஆராய்ச்சிக்கென்று செய்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிக் கடைவிரித்தது இயக்குநர். வாயைத் திறந்தால் ‘தொலைநோக்கு’ என்பார்; அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிறவர். பெட்டிக்குக் கதவு இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்று அதைப் பின்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு முடுக்கச் சொன்னதும் அவர்தான். வேலை போய் வீட்டில் கிடந்த தம்பியை, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், அந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

“அக்கா, என்னை யாருக்குப் பார்சல் அனுப்பறே?” என்றான் ஏறும்போது.

“வாங்கிக்க ஆள் கிடைச்சா எப்பவோ அனுப்பியிருப்பேன். உள்ள போ.”

ஒலிபெருக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைநோக்கு.

“ஆகா! என்னம்மா ஒரு திருப்பம்! மனுஷ வாடையே இல்லையே! தம்பிகிட்ட சொல்லுங்க, நாளைக்கும் இதே மாதிரி, ஆளே இல்லாத மாதிரி இருக்கணும்.”

“சார், ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்துடலாமா? என்னமோ சரியில்ல.”

“நல்லா ஓடறதுதான் சரியில்லையா? பெரிய மனசு பண்ணி சந்தோஷப்படுங்கம்மா. நான் உரை எழுதப் போறேன்.”

ஒலிபெருக்கி அணைந்தது. துடைப்பான் இடமும் வலமுமாக உரசிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின்போது தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசக்கூடாது. அவளே போட்ட விதி. தடுப்பில் காற்றுக்காகத் துளைத்த ஓட்டைகள் வழியாக அவன் மெல்லும் புதினா மிட்டாயின் வாசனை வந்தது. அவன் இருக்கிறான். அது போதாதா? போதவில்லை.

“டேய்,” என்றாள்.

கையைப் பின்னால் நீட்டித் தடுப்பைத் தட்டினாள்.

“டேய், உயிரோட இருக்கியா?”

“ஷ்ஷ். பேசினா நாக்கை அறுத்துடுவேன்னு சொன்னது நீதானே?”

அவளுக்கு மூச்சு வந்தது. “இல்லடா, இன்னைக்கு என்ன இவ்வளவு அழகா ஓட்டறே? யார்கிட்ட கத்துக்கிட்டே?”

மிட்டாய் மெல்லும் சத்தம் நின்றது.

“நான் எங்க ஓட்டறேன்? நீதானே ஓட்டறே.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

“விளையாடாதேடா. எனக்கு நீலம் எரியுது. நீலம்னா வண்டி உன் கையில.”

“எனக்குப் பச்சை எரியுதுக்கா. பச்சைன்னா உன் கையில. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே பச்சை வந்துடுச்சு, திரையில ரோடு போய் உன் சீட்டு வந்துடுச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

எந்த நீலம் என்று முடிவுசெய்ய எத்தனை கூட்டங்கள் போட்டார்கள்! மனதுக்கு அமைதி தரும் நீலம். அது அவள் முகத்தில் அமைதியாக எரிந்தது.

“உன் பக்கத்து சுவிட்சைப் போடு. வாங்கிக்க.”

டக். டக். டக்.

“வரலக்கா.”

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். அது எதிர்க்கவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, மெதுவாக, அக்கறையாக, அவள் விரல்களிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தாள். கால் பஞ்சில் இறங்கியது.

திரையில் ‘நிறுத்து’ என்பதைத் தொட்டாள். ஒரு காலத்தில் அங்கே கையகலச் சிவப்புப் பொத்தான் இருந்தது. வாடிக்கையாளருக்குப் பயத்தை நினைவூட்டுகிறது என்று தொலைநோக்கு அதைப் பிடுங்கச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு வரி வைத்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டே அவள் எழுதிய வரி.

‘உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம். சற்றுப் பொறுங்கள்.’

மறுபடி தொட்டாள். மதித்தது. குத்தினாள். மதித்தது.

தடம் முடியும் இடத்தில் வண்டி வளையவில்லை. வாசலை நோக்கி நேராகப் போனது. வாசலுக்கு அப்பால் பெரிய சாலை. லாரிகள். அவள் கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்து கத்தினாள். காவலாளி பார்த்தார். ஓட்டுகிறவளின் கைகள் கண்ணாடியில் இருக்க, வண்டி தானாக வருகிறது! அவர் முகம் மலர்ந்தது. தடையைத் தூக்கிவிட்டு, விறைத்து நின்று ஒரு சலாம் வைத்தார். பிறகு, அவள் கையசைப்பதாக நினைத்து, அவரும் கையசைத்தார்.

வண்டி இண்டிகேட்டர் போட்டது. ஒரு லாரிக்கு வழிவிட்டது. சாலையில் சேர்ந்தது. வேகம் எடுத்தது.

“அக்கா, என்ன சத்தம் அது? லாரியா? வெளிய வந்துட்டோமா?”

“வந்துட்டோம்டா.”

“நிறுத்துக்கா. இங்க காத்து வரல. கதவைத் திறக்கணும், என்னால உள்ளேருந்து திறக்க முடியாது, நிறுத்து!”

அவன் உதைத்தான். பெட்டி அதிர்ந்தது. அவள் பெல்ட்டோடு இடுப்பைத் திருகிப் பின்பக்கம் திரும்பி, தடுப்பின் விளிம்பில் நகங்களைச் செருகி இழுத்தாள். ஒரு நகம் பிய்ந்தது. தடுப்பு அசையவில்லை. ஓட்டைகளில் வாயை வைத்துச் சொன்னாள்.

“தம்பி, கேளு. நான் ஓட்டலடா. அம்மா சத்தியமா நான் ஓட்டல.”

உதைப்பது நின்றது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“ஏன்க்கா பொய் சொல்றே? இங்க திரையில உன் சீட்டைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன். ரெண்டு கையும் ஸ்டியரிங்லதானே வச்சிருக்கே.”

அவளுடைய இரண்டு கைகளும் தடுப்பின் மேல் இருந்தன. விரித்தபடி. ஒன்றில் ரத்தம்.

அவள் முன்பக்கம் திரும்பவில்லை.

ஸ்டியரிங்கின் தோலுறை நெரிபடும் ஓசை கேட்டது. பிடியை மாற்றிக்கொள்ளும் ஓசை.

இடுப்பில் பெல்ட் தளர்ந்தது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண். யாருக்கோ இடம் விடுவதுபோல.

மடியில் பாரம் இறங்கியது. லேசாக அசைந்தது. வசதியாக உட்கார்ந்தது.

பெல்ட் மறுபடி இறுகியது, இருவரையும் சேர்த்து.