உதிரப் போகிற இறகு

கொண்டைக்குருவியின் இறக்கையில் இருக்க வேண்டிய செள்ளுப்பூச்சி, பெத்துராஜின் முன்கையில் இருந்தது.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து விழ, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனின் கையை மாரிசெல்வி யதேச்சையாகத்தான் பார்த்தாள். முடிகளுக்கு நடுவே தூசியைப் போன்ற புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல். மேலநீலிதநல்லூர்க் காட்டில் வலை கட்டிக் குருவி பிடித்து, இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பறக்கவிடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இறகின் இழைகளுக்குள் செள்ளுகள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். கொண்டைக்குருவியின் செள்ளு மைனாவிடம்கூடப் பிழைக்காது. மனுஷன் கையில் அதற்கு என்ன வேலை?

"அரிக்குதா?"

"ஒண்ணுமில்லட்டி. கூசக்கூட இல்ல."

லென்ஸை எடுத்துத் தன் கையைப் பார்த்தாள். அங்கேயும் வரிசை. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயது மகளின் தலைமுடியிலும். குருவியைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்கினேனே, பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெத்துராஜ் அசரவில்லை. "நம்மூர்ல இருந்துக்கிட்டு இதுக்கா பயப்படுதே? கோயில் புத்துமண்ணு இருக்குல்லா. கொழச்சுப் பூசிட்டாப் போச்சு."

கிண்ணத்தில் தண்ணீர் விழும் சத்தம். நனைந்த மண்ணின் வாசனை.

"ஏட்டி, இங்கன பாரு!" கையை விளக்குக்கு நேரே நீட்டினான். "இன்னும் பூசவே இல்ல, அதுக்குள்ள ஓடிட்டு! தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு."

ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று அவளுக்கு வந்த மூச்சு பாதியில் நின்றது.

குருவிகள் இறகு உதிர்க்கும் மாதங்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அடுத்து உதிரப் போவது எந்த இறகு என்று செள்ளுக்குத் தெரியும். பார்வைக்கு நல்ல இறகாகத்தான் இருக்கும். அதிலிருப்பதெல்லாம் முன்கூட்டியே பக்கத்து இறகுக்குப் போய்விடும்.

"பிள்ளைய எழுப்பு. இருட்டுமுன்ன ராயகிரி போயிருவோம். அக்கா காத்துக்கிட்டு இருப்பா." பைக் சாவியை எடுத்தான்.

"இன்னைக்கு எங்கயும் போவேண்டாம்."

"ஏன், என்ன?"

 சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தி, எக்கி நின்று மேல்தாழையும் போட்டாள். ரோட்டில் இறங்கினால்தானே ஆபத்து.

பிறகுதான் தன் கை ஞாபகம் வந்தது.

வலது கை. இல்லை. இடது கை. இல்லை. கழுத்து, நெற்றி. நகத்தால் கீறித் தேடினாள். ஒன்றாவது இரு. ஒன்றே ஒன்று.

இல்லை.

கட்டிலருகே ஓடினாள். மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முடியில், புருவத்தில், கண்ணிமையில், மூன்று பேருடையதும் சேர்ந்து, நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருந்தன. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு மட்டும்.

பின்னால் கிண்ணம் விழுந்து உருண்டது.

"என்னங்க?"

பெத்துராஜ் தரையில் குப்புறக் கிடந்தான், அசைவில்லாமல். சிந்திய மண்ணின் வாசனை.

கதவைத் திறந்துவிட வேண்டும். கதவுப் பக்கம் திரும்பினாள். கால் எழவில்லை.

எதிரே மேல்தாழ். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.