ஓடை வத்தினதும்

ஜீப் ஓடைக்குள் இறங்கியபோது ரம்லத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சித்திரை மாதம். மணலும் உருட்டுக் கல்லும் கொதித்துக்கொண்டு கிடந்தன. பேருக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் அவள் காதில் தண்ணீர் ஓடியது. மழைக்காலத்தில் மலையிலிருந்து மரத்தையும் பாறையையும் புரட்டிக்கொண்டு வருமே, அதே சத்தம்.

"ஒங்களுக்குக் கேக்குதாண்ணே?"

ஜீப்பை ஓட்டிய அம்மாவாசி கியரை மாற்றினார். ரம்லத் வீட்டுத் தோட்டத்தில் இருபது வருசமாக எல்லா வேலைக்கும் அவர்தான். "என்னதும்மா?"

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டுங்க."

தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் வேப்பங்கரடு என்று ஒரு சின்ன ஊர். ஊருக்குள் போக இந்த ஓடையைக் கடந்தாக வேண்டும். பாலம் கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் பாலம் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, வெயில் காலமாகப் பார்த்து வந்து போவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? ஆறு வருசம் கழித்து ரம்லத்தே இப்போதுதான் வருகிறாள். அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இறந்தவர்களுக்குச் சுற்றும் கபன் துணி புதிதாக ஒன்று, அத்தர், சாம்பிராணி.

அவள் வந்தது மகளைக் கூட்டிப்போக.

பெனாசிருக்கு அப்போது எட்டு வயது. ஐப்பசி அடைமழையில் தோட்டத்து வீட்டில் இருந்தபோது காய்ச்சல் கண்டது. ஓடையில் வெள்ளம். ரம்லத் கோடாலித் தைலத்தை நெஞ்சில் தேய்த்துத் தேய்த்துக் கை சோர்ந்து போனாள். அவள் புருசன் ஜெய்லானி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கும் வீட்டுக்கும் நடந்தான். அக்கரையில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் கை காட்டினான், கத்தினான். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. தகப்பன் தோளிலேயே பிள்ளை அடங்கிப்போனது.

பிள்ளையின் மையத்தை அடக்கம் செய்ய, அவர்கள் குடியிருக்கும் உத்தமபாளையத்து மையவாடிக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. கொய்யாத் தோப்புக்குப் பின்னால் அம்மாவாசிதான் குழி வெட்டினார். மண் தள்ளுமுன் ஜெய்லானி குனிந்து ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துச் சொன்னான்.

"மண்ணே, இவள ஒனக்குக் குடுக்கல. அமானிதமா வைக்கிறேன். ஓடை வத்தினதும் நானே வந்து எடுத்துக்கிருவேன்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தவர் வந்து கேட்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லி வைத்தால் மண்ணும் தொடாது என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பிறகு அவன் பிள்ளையின் காதருகே வாயை வைத்தான். "அத்தா வர்ற வரைக்கும் இங்கனயே இரு, என்ன?"

சொன்னால் இருக்கிற பிள்ளை அது. ஒருமுறை கம்பம் பஸ் ஸ்டாண்டில், இங்கனயே நில்லு என்று சொல்லிவிட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவரோடு பேசப் போன ஜெய்லானி அப்படியே மறந்துவிட்டான். மழை கொட்டியது. டீக்கடைக்காரர் கூப்பிட்டும், யாரோ குடை நீட்டியும், பிள்ளை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "அத்தா இங்கன நிக்கச் சொன்னாக" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி ஓடிவந்தபோது உதடெல்லாம் நீலம் பாரித்து, சிரித்தது.

அந்த வருசம் தை மாதமே ஓடை வற்றிவிட்டது. ஜெய்லானி போகவில்லை. மிளகு விலை என்றான். அடக்கின கபுரை மறுபடி தோண்டலாமா என்று பள்ளிவாசல் அசரத்தைக் கேட்க வேண்டும் என்றான். காரணம் என்னவென்று ரம்லத்துக்குத் தெரியும். அந்த முகத்தை மறுபடி பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. அதனால்தான் அவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டாள். இப்போது நிலம் கைமாறப் போகிறது. வேலி போட்டுவிட்டால் யாரும் உள்ளே போக முடியாதாம். இனிமேல் கேட்காமல் எப்படி?

தோட்டத்து வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஈர மண் வாசனை. அதற்குள்ளே மெல்லிசாகக் கோடாலித் தைலம்.

ஆறு வருசம் பூட்டிக் கிடந்த வீடு.

வெளியே களத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பிரியாணி அண்டா ஒரு பக்கம் கொதித்தது. நிலத்தை வாங்குகிற கம்பெனியின் அதிகாரி சண்முகராஜ் நல்ல மனிதர், பொறுமையாகப் படம் காட்டிச் சொன்னார். அணு உலையில் எரித்து முடித்த எரிபொருள். வேலை முடிந்தாலும் சூடும் நஞ்சும் அடங்காத சாமான். அதைக் கனமான பெட்டிகளில் அடைத்து மலையடியில் தற்காலிகமாக வைப்பார்கள். நிரந்தர இடம் தயாரானதும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் சம்மதித்தால் பாலம், ஆஸ்பத்திரி, வீட்டுக்கு ஒரு வேலை.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தற்காலிகம் என்ற சொல் யார் தொண்டையிலும் இறங்கவில்லை. அம்மாவாசி எழுந்தார். "எப்பய்யா எடுப்பீக?"

"நிரந்தர இடம் ரெடியானதும்."

"அது எப்ப ரெடியாகும்?"

சண்முகராஜ் சிரித்தார். அதிகாரிகளோடு முன்னாலேயே வந்திருந்த ஜெய்லானி மைக்கை வாங்கினான். நிலத்தில் பெரும்பகுதி அவனுடையது. ஊர் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது அமானிதம். அவ்வளவுதேன். நம்ம மண்ணுகிட்ட நம்பிக் குடுத்து வைக்கிறாக. வந்து எடுத்துக்கிருவாக. இந்த ஓடைக்கு ஒரு பாலம் இருந்திருந்தா எம்புள்ள இன்னக்கி ஒம்பதாவது படிச்சிருக்கும். ஒங்க புள்ளைகளுக்காச்சும் பாலம் வரட்டும்." அவன் குரல் உடைந்தது. "எஞ்சொல்லுல நம்பிக்கை இருக்கறவக கைய தூக்குங்க."

நடிப்பில்லை அது. ரம்லத்துக்கும் அழுகை வந்தது. ஒன்று, இரண்டு என்று கைகள் எழுந்தன. பிறகு பந்தல் முழுக்கக் கைகள்.

பெண்கள் வரிசைக்குப் பின்னால், பந்தல் காலை ஒட்டி, ஒரு சின்னக் கையும் எழுந்தது.

வெளுத்த கை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ரம்லத் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். முன்னால் இருந்த பெண் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். கை இல்லை. பந்தல் காலடியில், புழுதி பறக்கிற காய்ந்த களத்தில், இரண்டு பாத அளவுக்கு மட்டும் ஈரம் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொய்யாத் தோப்புக்கு நடந்தாள். அம்மாவாசி மண்வெட்டியோடு அங்கே நின்றிருந்தார். வெட்டாமல் நின்றிருந்தார்.

"பாய் வரட்டும்மா. வச்சவகதேன் எடுக்கணும். அன்னக்கி அவுக சொன்னத நான் கேட்டேன். 'நானே வந்து'ன்னு சொன்னாக."

ஆள் அனுப்பியதும் ஜெய்லானி வந்தான். தோப்பின் முதல் மரம் வரைக்கும்தான் வந்தான். அதற்குமேல் கால் வரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அதிகாரிக சாப்பிட ஒக்காந்துட்டாக, ரம்லத்து. நீங்க எடுத்துக்கிட்டு முன்னால போங்க. பின்னாலயே வந்துர்றேன்."

"ஒரு தடவ வந்து கை வச்சிட்டுப் போங்களேன். புள்ள காத்துக்கிட்டு இருக்குங்க."

"பின்னாலயே வந்துர்றேன்னு சொல்றேன்ல?"

அவன் திரும்பி நடந்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் கோபப்பட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் அம்மாவாசியே வெட்டினார். மேல் மண் சட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டடி போனதும் ஈரம். அதற்குக் கீழே மழைக்காலத்துச் சேறு. தைல வாசனை குப்பென்று மேலே வந்தது. உடலுக்கு மேலே அடுக்கியிருந்த பலகைகளை எடுத்துவிட்டு அம்மாவாசி குழிக்குள்ளேயே கை கூப்பி நின்றுவிட்டார்.

துணி மட்கவில்லை. முகத்தை மூடிய முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. ரம்லத் அதைக் கொஞ்சமாக விலக்கினாள்.

பெனாசிர் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒட்டிய முடிகூட அப்படியே இருந்தது. மண் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது.

"தங்கம்" என்றாள் ரம்லத்.

புதுத் துணியைச் சுற்றி, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தாள். நல்ல கனம். அந்தக் கனம் அவள் தொடையில் அழுந்தியது. அந்த அழுத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது. தேவாரம் பக்கத்திலிருந்து மாலைத் தொழுகைக்கான மஃரிபு பாங்கு லேசாகக் காற்றில் வந்தது. மலை நிழல் ஓடையை மூடியிருந்தது. அம்மாவாசி மெதுவாக வண்டியை மணலில் இறக்கினார்.

தண்ணீர்ச் சத்தம் தொடங்கியது.

"இப்ப எனக்கும் கேக்குதும்மா" என்றார் அவர், ரகசியமாக.

"நிறுத்தாதீக. போங்க."

சத்தம் பெருகியது. மணல் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் ஜீப்பைப் பக்கவாட்டில் எதுவோ தள்ளியது. அவள் கால் விரல்களில் ஜில்லென்று ஏறியது. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

மடியில் துணிக்குள் ஏதோ அசைந்தது.

"அம்மா."

ரம்லத் மூச்சை அடக்கினாள்.

"ஓடை வத்திருச்சாம்மா?"

"வத்திருச்சுடா கண்ணு. வீட்டுக்குப் போறோம்."

"அத்தா எங்க?"

"பின்னால வர்றாக."

"அப்ப நான் அங்கனயே இருக்கேன். அத்தா இருக்கச் சொன்னாக."

மடியில் கனம் குறைந்தது.

அவள் இறுக்கி அணைத்தாள். இன்னும் குறைந்தது. தூளிப் பிள்ளையின் கனமாயிற்று. தலையணையின் கனமாயிற்று.

ஜீப் கரையேறியபோது அவள் கையில் துணி மட்டும்தான் இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வடிகிற துணி.

அவள் போட்ட கத்தல் களம்வரைக்கும் கேட்டதாம். ஜெய்லானி ஓடிவந்தான், அதுவும் ஓடையின் நடுப்பாதிவரைக்கும்தான். அங்கேயே மணலில் விழுந்தான். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு குழறியது. மதுரையில் படுத்துக் கிடந்து, கோலூன்றி நடக்க ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள், பெட்டிகள் வருமுன்னே, வேலி வந்துவிட்டது. கொய்யாத் தோப்பை வெட்டித் தள்ளி, ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டார்கள். சொன்னபடி பாலமும் வந்தது. ஊர்க்காரர்களுக்குப் போய்வரச் சீட்டு கொடுத்தார்கள். நிலத்தை விற்றுவிட்டு வெளியூரில் இருக்கிறவனுக்குச் சீட்டு கிடையாது.

இந்த முறை அவன் கையாலேயே பிள்ளையை எடுக்கட்டும் என்று ரம்லத் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்றாள். சண்முகராஜ் ஓடிவந்து நாற்காலி போடச் சொன்னார்.

"தளத்தை ஒடைக்க முடியாது பாய். மேலிடத்து விதி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. கவலைப்படாதீங்க, எல்லாம் தற்காலிகம்தானே? ஒரு நாள் காலி பண்ணித்தான் ஆகணும்."

"எப்ப?" என்றான் ஜெய்லானி. குழறலில் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

சண்முகராஜ் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் அம்மாவாசி உத்தமபாளையத்து வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை, தோளில் கம்பெனிப் பட்டை. வீட்டுக்கு ஒரு வேலை என்ற கணக்கில் அவருக்குப் பாலத்துக் காவல் கிடைத்திருந்தது. ரம்லத் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஜெய்லானி ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"பொழுது சாயவும் வருதும்மா. ஒரு நாள் விடாம. பாலத்துக்கு நடுவு வரைக்கும் ஈரக் காலு தெரியும், பெறகு திரும்பிரும். இத்தன நாளும் நான் வாயத் தொறக்கல. நேத்து பக்கத்துல வந்து சட்டையப் பிடிச்சு, ஓடை வத்திருச்சான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீக?" என்றாள் ரம்லத்.

"பொய் சொல்ல மனசு வரலம்மா. வத்திருச்சு தாயின்னு சொன்னேன்." அவர் ஜெய்லானியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அத்தா ஏன் வரலன்னு கேக்குதும்மா. நான் என்ன சொல்லட்டும்?"

வெளியே தார் உருகுகிற வெயில்.

ஜெய்லானி எழ முயன்று முடியாமல், நல்ல கையை மட்டும் நீட்டினான். அம்மாவாசி நாற்காலியருகே போய்க் குனிந்தார். காக்கிச் சட்டையின் நுனியில், ஒரு சின்னக் கை பிடித்த அளவுக்குத் துணி கருத்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் பிடித்த பிடி. ஜெய்லானி அதை விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனான்.

கோடாலித் தைலம்.

அவன் விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது.