ஆப்பைப் பிடுங்கியவர்

கதவின் விளிம்பைத் தடவிய விரலை அவர் முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. முகர்ந்துவிட்டார். தூங்கி எழுந்து பல் விளக்காத வாயின் வாடை அடித்தது. நல்ல கனமான கதவு, கீல்கள் உறுதியாக இருந்தன, வண்ணமும் போன வருடம் பூசியதுதான். இதிலிருந்து எப்படி இப்படியொரு நாற்றம் வரும் என்று யோசித்துக்கொண்டே கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பிசுபிசுப்பு போகவில்லை. கைக்குட்டையும் நாற ஆரம்பித்தது.

தீத்தடுப்புக் கதவுகளைச் சோதிப்பது அவர் பிழைப்பு. அந்தக் கதவு எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும். விளிம்பில் ஒரு பட்டை பதித்திருப்பார்கள். தீயின் சூடு பட்டால் அது வீங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைத்துப் புகையைத் தடுக்கும். ஜனங்களுக்கோ மூடிய கதவைக் கண்டால் ஆகாது. செங்கல்லோ பழைய செருப்போ, கையில் கிடைத்ததை ஆப்பாகச் செருகித் திறந்தே வைப்பார்கள். ஆப்பைக் கண்டால் அவருக்குக் கால் சும்மா இருக்காது. ஒரே உதை. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில்கூட உதைத்திருக்கிறார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு ஆப்பசைத்தான் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆப்பை அசைத்துவிட்டு வாலைக் கொடுத்த குரங்கின் ஞாபகம்தான், வேறென்ன.

இன்றைக்கு அவர் வந்தது வேலைக்காக மட்டுமல்ல. இந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அவருடைய அக்கா தனியாக இருக்கிறாள். முழங்கால் போய், படி இறங்கவே முடியாதவள். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் எரிந்தது. ஆப்பு வைத்த கதவு வழியாகப் புகை ஏறி, மேல்மாடியில் ஒருவரும் தப்பவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அக்காவின் இருமல் கேட்டது.

வாட்ச்மேன் கீழ்க்கதவுக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தான். மூடினால் நாறுகிறது என்று குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம், அதனால் அவனேதான் எல்லாக் கதவுக்கும் ஆப்பு வைத்தானாம். நாற்றத்துக்குப் பயந்து நெருப்பில் சாவீர்களா என்று இவர் கேட்டதற்கு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அது வீங்குது சார். சும்மாவே வீங்குது."

நெருப்பில்லாமல் எப்படியப்பா வீங்கும் என்று இவர் சிரித்தார். கீழ்க்கதவின் செங்கல்லை அவன் கண்ணெதிரேயே உதைத்துத் தள்ளி, படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டார். கதவு மெல்ல நகர்ந்து அவனை மறைத்து மூடிக்கொண்டது. மூடும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும். இது 'சப்' என்றது.

ஜன்னலே இல்லாத படிக்கட்டு. நடுப்பகலிலும் மங்கலான விளக்குதான். முதல் மாடியில் மடித்த அட்டையை உதைத்தார்; இரண்டாவதில் பிய்ந்த செருப்பு; அது நிலையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது நூல் நூலாக எச்சில் போல ஏதோ நீண்டு வந்தது. ஈரத்தில் ஊறிய மட்டமான ரப்பர், காசைத் தின்றுவிட்டு எதையோ பதித்திருக்கிறான்கள் என்று திட்டிக்கொண்டே நகத்தால் பட்டையை அழுத்தினார். அழுத்திய இடம் வெளுத்தது. பிறகு மெல்ல, மெல்லச் சிவந்தது. கையை உதறிக்கொண்டு மேலே ஏறினார். பின்னால் 'சப்'. மூன்றாம் மாடி. மறுபடியும் 'சப்'. நாற்றம் அவரோடு கூடவே ஏறி வந்து, நாக்கில் படிந்து, விழுங்கிய எச்சிலிலும் இருந்தது.

நான்காம் மாடிக் கதவைத் திறந்தபடி சாய்ந்து அக்காவே நின்றாள். காலடிச் சத்தத்திலேயே தம்பியென்று தெரிந்துவிட்டதாம். புதுப் பல்செட்டு இன்னும் பழகாமல் பேசும்போது கடகடத்தது. பழைய பல்லைப் போலவே முன்பல் ஒன்றைக் கோணலாக வைத்துத் தரச் சொல்லி டாக்டரோடு மல்லுக்கு நின்று வாங்கியவள். சிரித்தால் நான்தான் என்று தெரிய வேண்டாமா என்பது அவள் வாதம்.

விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் இவர் நிற்பார்; அவள் உள்ளே நின்று, மூடிய கதவின் விளிம்போடு டார்ச்சை நகர்த்த வேண்டும்; வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் புகையும் கசியும். இடுக்குப் பார்க்க இதுதான் வழி. அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டாளே தவிர கதவை விடவில்லை.

"மூடாதேடா தம்பி. நீ போனப்புறம்கூட மூடாதே."

"உனக்காகத்தானேக்கா இவ்வளவும்" என்றார். உண்மையும் அதுதான். அவள் ஆப்பாக வைத்திருந்த மரத்துண்டை உதைத்தார். அது படியில் உருண்டு கீழே போனது. கதவு மூடியது.

அந்த மாடியின் விளக்கை அணைத்தார். இருட்டில் கதவைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியது போல வெளிச்சம் தெரிந்தது. டார்ச்சு மேலேயிருந்து இறங்கி வந்தது, அவளுடைய நடுங்கும் கைக்கேற்ப ஆடி ஆடி. நூலளவுதான்; சூட்டில் பட்டை வீங்கினால் அடைபட்டுவிடும், சரியான இடுக்கு. அவர் மனம் லேசானது.

மேல் விளிம்பில் வெளிச்சம் அணைந்தது.

டார்ச்சைக் கொஞ்சம் தூக்கிப் பிடி அக்கா என்றார். தூக்கித்தான் பிடித்திருக்கிறேன் என்றாள். வலப்பக்கம் அணைந்தது. நூல் மெலிந்து, அறுந்து, அறுந்த இடத்தில் ஏதோ பளபளத்தது. ஈரம். சூடான காற்று முகத்தில் வந்து மோதியது. அந்த வாடை. கதவு மூச்சு விட்டது.

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுத்தார். கால் வழுக்கியது. பையிலிருந்த, இடுக்கை அளக்கும் தகட்டை எடுத்துச் செருகி நெம்பினார். உள்ளேயிருந்து அதை எதுவோ சப்பி, மெதுவாக, அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"தம்பி, விரல் மாட்டிக்கிச்சுடா."

"கையை இழு அக்கா."

"மெல்லுதுடா."

அதற்குப் பிறகு அவள் சொன்னது புரியவில்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அவள் வாயா, கதவின் வாயா. அவர் தோளால் இடித்தார். கதவு மெத்தென்று வாங்கிக்கொண்டது. மறுபடி இடித்தார். சட்டையெல்லாம் கோழை. வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இடித்தார்.

சத்தம் நின்றது.

கீழே ஓடினார். மூன்றாம் மாடிக் கதவு. திறக்கவில்லை. இரண்டாவது. முதல். பட்டைகள் இளஞ்சிவப்பாய் வீங்கி நிலையோடு சேர்ந்திருந்தன. கீழ்க்கதவுக்கு அப்பால் வாட்ச்மேன் எதையோ கத்துவது தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. எல்லாவற்றையும் அவரேதான் மூடியிருந்தார். ஒன்றையும் விடவில்லை.

மரத்துண்டு. அக்காவின் மரத்துண்டு. படியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். இடுக்கு தெரிந்தால் போதும். செருகிவிடலாம். நெம்பிவிடலாம்.

விளக்கைப் போட்டார்.

நான்காம் மாடிக் கதவின் அடியில் இடுக்கு திறந்திருந்தது. கொஞ்சம்தான். ஒரு கை நுழையும் அளவு. உள்ளே வெளிச்சமில்லை. ஈறு மட்டும். அந்த ஈறில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் சதையாக இருந்த அந்த ஈறின் நடுவில், புதுப் பற்கள் ஒரு வரிசையாகப் பதிந்திருந்தன. கடகடக்கவில்லை. நன்றாகப் பொருந்தியிருந்தன.

முன்பல் ஒன்று கோணல்.

கதவு சிரித்தது. அக்காதான் என்று தெரிந்தது.