பானட்டுக்கு அந்தப் பக்கம்

டீசல் குழாயில் இன்னும் காற்று வந்துகொண்டிருந்தது. இணைப்புகளையெல்லாம் கஜபதி மறுபடி மறுபடி இறுக்கி, வாஷர்களைக்கூட மாற்றிவிட்டான். வடிகட்டியின் திருகைத் தளர்த்தினால் பழையபடி குமிழ் குமிழாக நுரைதான். எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. காற்று போகாமல் என்ஜின் பிடிக்காது.

யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பண்ணைக்காரர் சுந்தரமூர்த்தி யாரோ வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய டீசல் கார் அது. போன மாதம் வரை ஓட்டியவன் பரசுராமன். அவனை விஷக்காய்ச்சல் கொண்டுபோனதும், எடுபிடியாக இருந்த கஜபதிக்கு அந்த வேலை வந்தது. வந்த நாளாக வண்டி கிளம்பவில்லை. விளக்கு வைப்பதற்குள் கிளப்பாவிட்டால் அரக்கோணத்திலிருந்து வேறு டிரைவர் வருவான் என்று சுந்தரமூர்த்தி சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? பரசுராமன் தொட்டாலே கிளம்புமே என்று ஒரு பெருமூச்சு வேறு. செத்த பிறகும் ஒருவன் இப்படி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வானா?

வண்டி மட்டுமென்றால் போகட்டும். கஜபதியின் மனைவி ஜெயம்மாவுக்கு பரசுராமன் முறை மாப்பிள்ளை. அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண்ணைத்தான் கஜபதி தட்டிக்கொண்டு வந்தான். பரசுராமனை அவள் 'பாவா' என்று கூப்பிடும்போது குரலில் ஒரு குழைவு வரும். கட்டிய புருஷனுக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பம்பை அழுத்த, எதிர்ப்பக்கம் ஒருவர் திருகைப் பார்க்க வேண்டும். கார் நிற்கும் கொட்டகையை ஒட்டித்தான் அவன் வீடு. வந்து பம்பை அழுத்தும்படி ஜெயம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, கஜபதி திருகின் மேல் குனிந்தான்.

தூக்கி நிறுத்திய பானட் மூடி நடுவில் தட்டி போல மறைத்தது. மலைக்கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மழை ஈரமும் டீசல் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. அந்தப் பக்கம் ஈர மண்ணில் காலடி கேட்டது. பம்ப் அசைந்தது.

டக், டக், டக். பிறகு நீளமாக ஒன்று.

பழகிய கை. கஜபதிக்கு சந்தோஷம் ஒரு நொடிதான். இது பரசுராமன் அழுத்துகிற விதமாயிற்றே. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எப்போது? இந்தக் கொட்டகையிலா? கையைப் பிடித்தா?

"எப்ப கத்துக் குட்த்தான் உனக்கு?"

டக், டக், டக்.

குமிழ்கள் நின்றன. டீசல் சுத்தமாக வழிந்தது.

"உன்னத்தான் கேக்கறேன்."

"இன்னா கேக்கறீங்க? அரிசி கழுவிகினு இருந்தேன், இப்பத்தான வரேன்."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசலில் ஜெயம்மா. ஈரக் கை.

டக், டக், டக்.

அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பயப்படவில்லை. கஜபதி கையை நீட்டித் தடுத்தான். தாண்டிப் போனாள். பானட்டுக்கு அந்தப் பக்கம்.

பம்ப் நின்றது. ஸ்டார்ட்டரை யாரும் தொடவில்லை. என்ஜின் பிடித்துக்கொண்டது.

கஜபதி சுற்றி வந்தான். அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் எக்கி நின்று, வெறும் காற்றில் எதையோ முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப இளைச்சிட்ட, பாவா."

அப்போதும் அவனுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் முன்னால் வந்தது. அவளை இழுக்கப் பாய்ந்தான். பாதியில் நின்றான்.

அவள் இடுப்பில், சேலை மேல், கறுப்பு எண்ணெயாக ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.