நடுக்குடாவில் ஏறியவர்கள்

ஹாலிஎல ரயில் கடவைக்குப் பக்கத்தில் இருக்கும் விஜயலெட்சுமியின் கராஜுக்கு அந்த எஞ்சின் லொறியில் வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் கடல் நாற்றம் அடித்தது.

லொறியோடு வந்த லரீபா கிழக்குக் கரைக்காரி. யுத்தத்தில் நின்றுபோன பயணிகள் படகை மறுபடி ஓட்ட அவளும் ஊர்ப் பெண்களும் முயன்றுகொண்டிருந்தார்கள். குடாவைச் சுற்றிப் பாதையில் போனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். கடலில் இருபது நிமிடம். போன மாதம் ஒரு பிள்ளைத்தாச்சி பாதி வழியிலேயே இறந்துபோனாள்.

கடலடியிலிருந்து இழுத்தெடுத்த பழைய எஞ்சின் அது. அங்கே எந்த மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. தேயிலை ஃபேக்டரியில் இதே மாதிரி எஞ்சினோடு பதினைந்து வருஷம் வேலை செய்தவள் என்று கேள்விப்பட்டுத்தான் விஜயலெட்சுமியைத் தேடி வந்திருந்தாள்.

"ஏன் அக்கா, அங்க யாரும் தொடல?"

"பயம், தங்கச்சி."

மூடியைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டியது. உப்புத் தண்ணீர். கையில் பட்டபோது உடம்புச் சூட்டில் இருந்தது.

ஒரு வாளி நிறைந்தது. இன்னொன்று. ஏழு வாளி.

அந்த எஞ்சினுக்குள் ஒரு வாளிக்கே இடமில்லை.

பிறகு, உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மெதுவாக. விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல.

விஜயலெட்சுமியின் புருஷன் ரெங்கசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இத திருப்பி அனுப்பிருவோம், விஜயா." 

அவள் லரீபாவின் பக்கம் திரும்பினாள். "உள்ள யாரு, அக்கா?"

"அண்டைக்கு ஷெல் விழுந்த நேரம் இந்த எஞ்சின் பூட்டியிருந்த படகுல இருபத்திரண்டு பேர். எங்கட உம்மாவும். ஒருத்தரும் கரைக்கு வரல்ல. அதக் கிளற வேணாம், படகே வேணாம் எண்டு பெரிய ஆக்கள் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

விஜயலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லட்டும். நான் செஞ்சு தாரேன்."

நாற்பது நாள், அந்தத் தட்டும் சத்தத்தோடேயே வேலை செய்தாள். 

படகின் முதல் ஓட்டத்துக்கு எஞ்சினோடு அவளும் கிழக்குக் கரைக்குப் போனாள். நல்ல வெயில். பதினொரு பேர் ஏறினார்கள்.

நடுக்குடாவில் எஞ்சின் தானாக நின்றது.

காற்றில்லை. அலையில்லை.

யாரோ விளிம்பைப் பிடித்து ஏறுவதுபோல் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

ஆளில்லாத பலகைகள் ஒவ்வொன்றாக நனைந்தன.

"திருப்புங்க," என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

லரீபா எழுந்து நின்றாள். "திருப்ப மாட்டன்." நனைந்த பலகைகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. இனி எவன் சொன்னாலும் இந்தப் படகு நிக்காது."

இருபத்திரண்டு முறை சாய்ந்ததை விஜயலெட்சுமி எண்ணினாள். பிறகு கைப்பிடியைச் சுழற்றினாள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

அக்கரையில் பதினொரு பேரும் இறங்கினார்கள். லரீபாவும் விஜயலெட்சுமியும் இறங்கிப் படகைக் கட்டினார்கள். வெறும் படகு மேலெழும்பவில்லை. பாரத்தோடு தாழ்ந்தே கிடந்தது.

"உம்மா, எறங்கல்லயா?"

லரீபா கட்டிய கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"சரி, இருங்க. நாலு மணிக்குத் திரும்பப் போறம்."

படகுக்குள்ளே, யாரோ தள்ளி உட்கார்ந்து இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல், பலகை மெல்லக் கிறீச்சிட்டது.